மேலேருந்துதான் சொட்டுது

காலை நல்லா நீட்டி வைங்க தம்பி. அங்க ஈரம் இல்லை. சந்தேகமா இருந்தா குனிஞ்சு தொட்டுப் பாருங்க. செருப்பால இல்லை, கையால. பையைக் கொடுங்க, பின்னாடி போட்டுடறேன். என்ன, காஞ்சிருக்கா? கால்மிதி மேட்டுக்கு அடியில? அடியிலயும் தொட்டுப் பாருங்க. அப்படிப் பாக்காதீங்க, ஒரு காரணமாத்தான் கேக்கறேன். காஞ்சிருக்குல்ல? சரி. கதவை ஓங்கிச் சாத்துங்க, இல்லைன்னா கொண்டை ஊசி வளைவுல திறந்துக்கும்.

இந்த மழையில பஸ்ஸுக்கு நின்னு என்ன பண்ணப் போறீங்க? அடுத்தது பதினோரு மணிக்குத்தான். நானும் கோயமுத்தூர்தான் போறேன். வடவள்ளி. என் சம்சாரம் அங்க மகள் வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். பத்து நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவ. பதினோரு மாசம் ஆச்சு.

சண்டையெல்லாம் இல்லை. சொன்ன உடனே எல்லாரும் சண்டைன்னுதான் நினைக்கறாங்க. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை தம்பி. முப்பத்தெட்டு வருஷத்துல அவ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் ஒண்ணு சொன்னா சரிங்கன்னு விட்டுடுவா. அப்புறம் எங்கேருந்து சண்டை வரும்?

நீங்க என்ன வேலை? ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேரா? அப்ப உங்களுக்குப் புரியும். நான் டீ டேஸ்டர். சிங்காரவேலுன்னா குன்னூர்ல பாக்டரிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். முப்பத்திநாலு வருஷம். வரிசையா அறுபது கப் வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் எடுத்து, சர்ருன்னு உறிஞ்சி, வாய்க்குள்ள சுத்தவிட்டு துப்பிடணும். துப்பினதும் ஒரு வார்த்தை. தீய்ஞ்சது, புளிச்சது, சப்பை. அவ்வளவுதான். நான் சொன்ன வார்த்தைக்கு மேல யாரும் பேச முடியாது. என் மூக்கும் நாக்கும் தப்பினதில்லை. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வருது.

இந்த வண்டி மோரிஸ் மைனர், ஐம்பத்தெட்டாம் வருஷத்துது. எங்க எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போறப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனார். இந்த மலையில இதே மாதிரி நாலஞ்சு வண்டி இருக்கு. ஆனா ஹீட்டர் வேலை செய்யறது இது ஒண்ணுதான். காலுக்கு நேரா வெதுவெதுன்னு வருதா? அதான். தனியா அடுப்பு கிடுப்பு எதுவும் இல்லை. இன்ஜின்ல சுட்ட தண்ணி ஒரு ஹோஸ் வழியா உள்ள வந்து, உங்க முழங்காலுக்கு மேல இருக்கு பாருங்க அந்தப் பெட்டி, அதுக்குள்ள ஒரு சின்ன ரேடியேட்டர், அதைச் சுத்திட்டு இன்னொரு ஹோஸ் வழியா திரும்பிப் போகும். பின்னாடி பேன் ஊதும். ஹீட்டர் காயில்னு சொல்லுவாங்க. இவ்வளவுதான் சமாச்சாரம்.

சம்சாரம் பேரு சௌந்தரம், ஊரு கோபி. கீழ ஊர் உடம்பு. இங்க வந்த நாள்லேருந்து அவளுக்குக் காலு ஜில்லிட்டுப் போயிடும். சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டுக்குவா. இந்த வண்டி வந்த அன்னிக்கு முதல் தடவையா ஹீட்டரைப் போட்டு விட்டேன். செருப்பைக் கழட்டிட்டு, காலை அதுக்கு நேரா நீட்டி வெச்சுக்கிட்டு, "அப்பாடா"ன்னா. அந்த ஒரு அப்பாடாவுக்காகத்தான் தம்பி இந்த ஓட்டை வண்டியை இத்தனை வருஷம் வெச்சிருக்கேன். அவகிட்ட சொன்னதில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவாங்களா?

கண்ணாடியை இறக்காதீங்க, சாரல் அடிக்கும். இந்த வளைவு தாண்டட்டும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மழைக்காலம், வண்டிக்குள்ள ஒரு வாசனை. இனிப்பா. பாகு காய்ச்சற மாதிரி. கூடவே அவ பக்கம் மேட் ஈரம். எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. எங்க போனாலும் அவ ஒரு பிளாஸ்க்ல சுக்குக் காபி போட்டு எடுத்துட்டு வருவா, கருப்பட்டி போட்டு. அது கொட்டியிருக்கு. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கருப்பட்டின்னு சொல்லிட்டேன். "நான் கொட்டலீங்களே"ன்னா. "கருப்பட்டி வாசனை எனக்குத் தெரியாதா"ன்னேன். சரிங்கன்னுட்டா.

அடுத்த வாரமும் ஈரம். இனிமே வண்டியில பிளாஸ்க் வேணாம்னேன். அன்னியோட பிளாஸ்க் நின்னுது. அப்பவும் ஈரம். சரி, குடைதான்னு முடிவு பண்ணேன். நனைஞ்ச குடையைக் காலுக்குக் கீழ போடாதேன்னேன். குடையை மடியில வெச்சுக்கிட்டு வருவா, புடவையெல்லாம் நனையும். அப்பவும் மேட் ஈரம். உன் செருப்புதான்னேன். வெளியவே தட்டிட்டு ஏறுவா. அப்பவும் ஈரம். அப்புறம் அவ காலுக்கு அடியில பேப்பரை விரிச்சுக்க ஆரம்பிச்சா. நான் இன்னும் படிக்காத பேப்பர் தம்பி. அதுக்கும் சொன்னேன்.

நான் கோவக்காரன் இல்லை. கத்தமாட்டேன். துப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ற மாதிரிதான் சொல்லுவேன்.

வழியில எங்கயாவது வண்டி நிறுத்தினா அவ முதல்ல இறங்கி ஓரமாப் போய் எதையோ கீழ ஊத்துவா. என்னடா இதுன்னு பார்ப்பேன். எனக்குத் தெரியாம பிளாஸ்க் எடுத்துட்டு வந்து மிச்சக் காபியைக் கொட்டறான்னு நினைச்சேன். கேக்கலை. கேட்டா இல்லைன்னு சொல்லுவா, எனக்குப் பொய் பிடிக்காது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இதாங்க இப்படின்னு ஒரே ஒரு வார்த்தை. இன்னிக்கும் எனக்கு அதுதான் வருத்தம்.

என்ன? பேசுங்க... இருங்க, முதல்ல நான் இதை முடிச்சுடறேன்.

போன வருஷம் தை மாசம், ஒரு நாள் பின் கதவைத் திறந்து பின்னாடி உக்காந்துட்டா. "என்ன சௌந்தரம், ஊர்ல பாக்கறவன் என்னை டிரைவர்னு நினைப்பான்"னேன். "காலு நமநமங்குது, பின்னாடி இருந்துக்கறேன்"னா. ஒரு பத்து மாசம் அப்படியே போச்சு. கண்ணாடியில பார்த்தா அவ வகிடு மட்டும் தெரியும். முன்னாடி இருந்தா ஏதாவது பேசிட்டு வருவா, அந்த வீட்டுல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, இந்தக் கடை மூடிட்டாங்கன்னு. பின்னாடி போனதும் பேச்சும் நின்னுது. அப்புறம் பஸ்ஸுல போக ஆரம்பிச்சா. மார்க்கெட்டுக்குப் பஸ், கோயிலுக்குப் பஸ். அப்புறம்தான் முழங்கால் வைத்தியம்னு மகள் வீட்டுக்குப் பத்து நாள். மாலினின்னு ஒரே மகள். போன் பண்ணா, "இங்க வெயில் நல்லாருக்குங்க"ம்பா. வெயில் நல்லாருக்குன்னா என்ன அர்த்தம்? வெயில் நல்லாருக்குன்னுதான் அர்த்தம். நான் வேற எதுவும் எடுத்துக்கலை.

வீட்டுல தனியா இருந்து பார்த்திருக்கீங்களா தம்பி? வேணாம். காலையில டீ போடுவேன். ருசி பார்ப்பேன். நல்லாருக்கும். சொல்றதுக்கு ஆள் இருக்காது. ரெண்டு மாசத்துக்கப்புறம் கெட்டிலுக்கே சொல்ல ஆரம்பிச்சேன். சிரிங்க, பரவாயில்லை.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். ஜூன் மாசம் ஒருநாள் மேட்டை எடுத்துத் தட்டலாம்னு பார்த்தா, சொதசொதன்னு ஈரம். ஓரத்துல குட்டியா ரெண்டு காளான். அந்த சீட்டுல ஒண்ணரை வருஷமா ஆள் இல்லை. பிளாஸ்க் இல்லை, குடை இல்லை, செருப்பு இல்லை. நான் அப்படியே கார் ஷெட்டுல நின்னுட்டேன். வாசனையும் இருக்கு. அதே கருப்பட்டி.

அப்பவும் நான் மெக்கானிக்கிட்ட போகலை. எதுக்குப் பொய் சொல்லணும்? கூரை ஒழுகும்னு சொல்லிக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் கண்ணாடி. ஹீட்டரைப் போட்டா முன் கண்ணாடி உள்பக்கமா மூடிக்கும், எண்ணெய் பூசின மாதிரி. முன்னாடியெல்லாம் இப்படி இல்லையேன்னு யோசிச்சேன். அப்புறம் ஞாபகம் வந்தது. இருந்திருக்கு. அவ முந்தானையால துடைச்சுக்கிட்டே வருவா. நான் ஓட்டிக்கிட்டே இருப்பேன். இப்ப ஒத்தக் கையில துடைச்சுக்கிட்டு வெல்லிங்டன் பக்கம் திரும்பறேன், ரோட்டு நடுவுல காட்டெருமை. ரெண்டு முழம்தான் இருக்கும். அது என்னைப் பார்த்துது, நான் அதைப் பார்த்தேன். நேரா மெக்கானிக் ஹனீபா பாய் ஷெட்டுக்கு விட்டுட்டேன்.

ஹனீபா பாய் உள்ள குனியக்கூட இல்லை. கதவைத் திறந்தார், மோந்தார். "சார், ஹீட்டர் காயில் போச்சு. இன்ஜின் தண்ணியில கலக்கற கூலண்ட் ஒழுகுது. இந்த இனிப்பு வாசனை அதுதான்"னார். நான் சொன்னேன், பாய், இது கருப்பட்டி. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, "மோந்து பாருங்க சார்"னார். மோந்தேன். முப்பத்திநாலு வருஷம் தம்பி. அறுபது கப்புல ஒண்ணு தீய்ஞ்சிருந்தா வாசல்லேருந்தே சொல்லுவேன்.

"பைபாஸ் பண்ணிடலாம் சார், எல்லாரும் அதான் பண்றாங்க"ன்னார். ரெண்டு ஹோஸையும் இன்ஜின்கிட்டயே ஒண்ணா சேர்த்துட்டா தண்ணி உள்ளயே வராது. ஒழுகாது. ஹீட்டரும் இருக்காது. பத்து நிமிஷ வேலை. நான் முடியாதுன்னுட்டேன். காயிலை மாத்தித்தான் ஆகணும்னேன். "யாருக்கு சார் இப்ப ஹீட்டர்?"னு கேட்டார். முதல்ல பழசைக் கழட்டுங்கன்னேன்.

தண்ணியை வடிச்சு, ஹோஸைக் கழட்டினா, ஹோஸ் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, அறுத்துத்தான் எடுத்தார். பெட்டிக்கு நாலு ஸ்க்ரூ. மூணு வந்துடுச்சு. நாலாவது துரு பிடிச்சு அசையலை. அதுக்காக அவர் தலையை டாஷ் போர்டுக்கு அடியில விட்டு மல்லாக்கப் படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சார். அடிச்சவர், "சார், இது என்ன?"ன்னார்.

என்ன தெரியுமா? டபரா.

எங்க வீட்டு டபரா தம்பி. ஆறு டபரா செட், அவ கல்யாணச் சீர். அதுல ஒண்ணு. பெட்டிக்கு அடியில, சொட்டற இடத்துக்கு நேரா, பாவாடை நாடாவால உறி மாதிரி கட்டி, எடுத்து ஊத்திட்டுத் திரும்ப வைக்கற மாதிரி தொங்க விட்டிருக்கா. சுத்திப் பழைய புடவைத் துணியைத் திணிச்சு. உள்ள பச்சை நிறத்துல கூலண்ட் வழிய வழிய நிக்குது. நிறைஞ்சு, நிறைஞ்சு, மேட்டுல வழிஞ்சிருக்கு. ஊத்தறதுக்கு ஆள் இல்லை பாருங்க.

அந்த டபராவைக் காணோம்னு நான் வீட்டை ரெண்டாக்கியிருக்கேன். வேலைக்கு வர்ற பொன்னுத்தாயைச் சந்தேகப்பட்டு, நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லுன்னேன். அப்பத்தான் சௌந்தரம், "நான்தாங்க எங்கயோ போட்டுட்டேன், ஞாபகம் இல்லை"ன்னா. "உனக்கு ஞாபகமும் போச்சா"ன்னேன். சரிங்கன்னா.

ஹனீபா பாய் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரலை. அவ முடிச்சு அப்படித்தான், கட்டினா கட்டினதுதான். கத்தியை எடுத்தார். வெட்டாதீங்கன்னுட்டேன். நானே படுத்துக்கிட்டு அவிழ்த்தேன். அரை மணி நேரம் ஆச்சு. என் மூஞ்சியில எல்லாம் சொட்டுது. மேலேருந்து.

மேலேருந்து சொட்டுதுங்க. இதை அவ சொன்னா தம்பி. ஆமா, சொன்னா. சொல்லலைன்னு இப்பத்தான் சொன்னேன், தெரியுது, அதான் நீங்க வாயைத் திறந்தீங்க. முதல் தடவை கோத்தகிரி கல்யாணத்துக்குப் போறப்ப. "மேலேருந்து சொட்டுதுங்க"ன்னா. "எங்கேருந்து, வானத்துலேருந்தா?"ன்னேன். அவளும் சிரிச்சுட்டா. அப்புறம் ஒரு தடவை சொன்னா. அப்ப நான் ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தேன். மூணாவது தடவை என் கையைப் பிடிச்சு, தொட்டுப் பாருங்கன்னா. நான் கியர் போடணும்னு கையை எடுத்துட்டேன். "வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்"னேன். அதுக்கப்புறம் சொல்லலை. டபராவைக் கட்டிக்கிட்டா.

சரி விடுங்க. காயில் கதைக்கு வருவோம். இந்த மாடலுக்குக் காயில் எங்கயும் கிடைக்கலை. பழசையே ஈயம் வெச்சு அடைச்சார். ஒரு இடம் அடைச்சா இன்னொரு இடம் பிச்சுக்கிட்டுது. கடைசியில கோயமுத்தூர்ல ரேடியேட்டர் கட்டற ஒருத்தர்கிட்ட பழசைக் கொடுத்து, அதே அளவுக்குச் செம்புல புதுசா கட்ட வெச்சோம். அஞ்சு வாரம். வந்ததும் தண்ணித் தொட்டியில முக்கி, ஒரு பக்கம் அடைச்சுக்கிட்டு மறுபக்கம் காத்து அடிச்சுப் பார்த்தார் பாய். ஒரு குமிழி வரலை. மாட்டி, புது ஹோஸ் போட்டு, கூலண்ட் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணா ஹீட்டர்ல ஜில்லுன்னு காத்து. மறுபடி கழட்டுங்கன்னேன். "உள்ள ஏர் அடைச்சிருக்கு சார், அவசரப்படாதீங்க"ன்னு வண்டியை ஏத்தத்துல மூக்கு மேல பார்த்த மாதிரி நிறுத்தி, மூடியைத் திறந்து ஓட விட்டார். பொளக் பொளக்னு காத்து வெளிய வந்துது. அப்புறம் மெதுவா சூடு வந்துச்சு. நான் அந்த சீட்டுல, நீங்க இருக்கற இடத்துல, உக்காந்து காலை நீட்டி வெச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துல அந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்லை. அங்கேருந்து பார்த்தா ரோடு வேற மாதிரி தெரியுது தம்பி. பள்ளம் பக்கத்துலயே இருக்கு. அவ இத்தனை நாள் எப்படி வந்தாளோ.

அன்னிக்கே போன் பண்ணேன். "வண்டி சரியாயிடுச்சு"ன்னேன். "அப்படீங்களா"ன்னா. "ஹீட்டர் காயில் புதுசு"ன்னேன். "சரிங்க"ன்னா. "டபரா கிடைச்சுது"ன்னேன்.   அதுக்கு அவ சொன்னா: "அதுல காபி கீபி குடிச்சுடாதீங்க. அது நல்ல தண்ணி இல்லை."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு என்னவோ சொல்லணும்னு வந்துது. இங்க மழைன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

பர்லியாறு தாண்டியாச்சு. சூடா இருக்கா? வேர்க்குதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஹீட்டரை நிறுத்த மாட்டேன். கீழ போய்ச் சேர்ற வரைக்கும் ஓடவிட்டாத்தான் ஒழுகலைன்னு உறுதியாச் சொல்லலாம். வேணும்னா இப்பக் கண்ணாடியை இறக்கிக்குங்க. வடவள்ளி வெயில்ல ஹீட்டர் எதுக்குன்னு சிரிப்பா. சிரிக்கட்டும். சிரிச்சா போதும்.

என்ன சொல்லிக் கூப்பிடுவீங்கன்னா கேக்கறீங்க? யோசிச்சு வெச்சிருக்கேன். "சௌந்தரம், உன் மேல தப்பில்லை. காயில் மேலதான் தப்பு." எப்படி இருக்கு?

ஏன் பேச மாட்டேங்கறீங்க?

நல்லா இல்லையா? ...ஆமா. டேஸ்ட் பண்ணிப் பார்த்தா எனக்கே தெரியுது. சப்பை.

கல்லாறு வந்தாச்சு. பாக்கு மரமெல்லாம் பாருங்க. மழையே இல்லை இங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நீங்க வழியில ஏறின ஆளு, உங்ககிட்ட சொன்னா என்ன. இது முதல் தடவை இல்லை. ஆறாவது தடவை கிளம்பியிருக்கேன். முதல் தடவை மேட்டுப்பாளையத்துல ரயில்வே கேட் போட்டிருந்தான், சகுனம் சரியில்லைன்னு திருப்பிட்டேன். ரெண்டாவது தடவை மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன். அப்புறம் ஒரு தடவை மகள் வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், கேக்கலை. போன வாரம் துடியலூர் வரைக்கும் போயிட்டேன். ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிச்சேன். தீய்ஞ்ச டீ. எதுவும் சொல்லாமக் குடிச்சுட்டு வண்டியைத் திருப்பிட்டேன்.

அவ வர மாட்டேன்னு சொல்லிட்டான்னா? அதான் தம்பி. வேற ஒண்ணும் இல்லை. இப்ப பத்து நாள்ல வர்றேன்னு சொல்லிட்டுப் போனவ. அது இன்னும் அப்படியே இருக்கு. நான் போய்க் கேட்டு, அவ இல்லைங்கன்னு சொல்லிட்டா, அதுவும் போயிடும். அவ என்கிட்ட இல்லைங்கன்னு சொன்னதே கிடையாது. சொல்ல மாட்டான்னு இத்தனை நாள் தைரியமா இருந்தேன். அந்த டபராவைப் பார்த்ததுலேருந்து தைரியம் இல்லை.

அது முன்னாடி இருக்கு பாருங்க, டாஷ் போர்டு கதவைத் திறங்க. துணி சுத்தி வெச்சிருக்கேன். அதான். நாடாவையும் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். குடுத்துட்டு, "மேலேருந்துதான் சொட்டுது சௌந்தரம்"னு அவ சொன்னதையே நான் சொல்லலாம்னு இப்ப தோணுது. என் வார்த்தை எதுவும் வேணாம். எப்படி இருக்கு?

சரி. நீங்க தலையாட்டினா சரி.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் அதோ. காந்திபுரம் பஸ் நிக்குது, நீங்க இறங்கறேன்னா இறங்கலாம், இங்கேருந்து அது என்னைவிட வேகமாப் போயிடும். உங்க பை பின்னாடிதான் இருக்கு.

இறங்காதீங்க தம்பி. அந்த சீட்டுல ஆள் இருக்கறதாலதான் நான் இவ்வளவு தூரம் நேரா வந்திருக்கேன். நீங்க இறங்கிட்டா நான் திருப்பிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். வடவள்ளி வரைக்கும் வாங்க, அங்கேருந்து உங்க ஆபீஸ் வாசல்லயே கொண்டு வந்து விட்டுடறேன். மகள் வீட்டு வாசல் வந்ததும் மட்டும் நீங்க பின்னாடி மாறிக்கணும். அது அவ சீட்டு.